ஒட்டக மல்யுத்த விருந்து: சுஜுக் புகை முதல் கம்பள இரவு வரை

துருக்கியின் ஒட்டக மல்யுத்தத்தை மையமாக வைத்து வீட்டில் ஒரு விருந்து நடத்த நினைத்தால் முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். மெனுவெல்லாம் பிறகு. இது முழுக்க முழுக்கக் குளிர்கால விளையாட்டு. ஆண் ஒட்டகங்கள் இணை தேடும் பருவத்தில்தான் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும். அதனால் ஏஜியன் கடலோர மாகாணங்களான ஐதின், இஸ்மிர், முலா பகுதிகளில் டிசம்பர் முதல் மார்ச் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஓர் ஊரில் போட்டி நடந்துகொண்டிருக்கும். பெயர் பெற்றது செல்சுக் ஊர்ப் போட்டி. எபேசு இடிபாடுகளுக்குப் பக்கத்தில், பமுஜாக் கடற்கரையோர மைதானத்தில், வழக்கமாக ஜனவரி மாதம் மூன்றாவது ஞாயிறு நடக்கும். உங்கள் விருந்தையும் ஜனவரியில் வையுங்கள். கரி அடுப்பைச் சுற்றி நிற்க இதமாக இருக்கும். ஆரஞ்சும் மாண்டரினும் கடையில் நன்றாகக் கிடைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கம்பளி போர்த்த ஒட்டக வேடத்துக்குள் யாரையும் நுழைக்கக் கூடாது.

அங்கே நடப்பது என்னவென்று தெரிந்தால்தான் விருந்தின் ஒவ்வொரு பகுதியும் ஏன் அப்படி இருக்க வேண்டும் என்பது புரியும். இந்தப் பழக்கம் சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஐதின் மாகாணம் இன்ஜிர்லியோவாவை அடுத்த ஹிதிர்பெய்லி கிராமத்தில் தொடங்கியது என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். மோதும் ஒட்டகத்துக்கு துலு என்று பெயர். இரட்டைத் திமில் ஆணுக்கும் ஒற்றைத் திமில் பெண்ணுக்கும் பிறந்த கலப்பு. உடல் பெரிது, கழுத்திலும் தொடையிலும் அடர்ந்த முடி. கடிக்காமல் இருக்க வாயைக் கட்டிவிடுவார்கள். ஆட்டம் பத்து நிமிடத்தைத் தாண்டாது. எதிராளி ஓடினால் வெற்றி, வலியில் கத்தினால் வெற்றி, கீழே விழுந்தாலும் வெற்றி. தன் ஒட்டகத்துக்கு அடிபடும் என்று உரிமையாளர் பயந்தால் கையிலிருக்கும் கயிற்றை மைதானத்தில் வீசித் தோல்வியை ஒப்புக்கொள்ளலாம். இரண்டையும் பிரித்து இழுக்க உர்கன்ஜிகள் என்ற கயிற்றுக்காரர்கள் தயாராக நிற்பார்கள். ஒவ்வொரு ஒட்டகமும் வரும்போது அதன் பெயரையும் ஊரையும் உரிமையாளரையும் பாட்டாகவே புகழ்ந்து அறிமுகப்படுத்துபவர் ஜஸ்கிர். முந்தைய நாள் அலங்கரித்த ஒட்டகங்கள் மேளதாளத்தோடு ஊர்வலம் போகும். அன்று இரவு ஹாலி கெஜெசி, அதாவது கம்பள இரவு. சாப்பாடு, குடி, ஆட்டம், கம்பள ஏலம் எல்லாம் அந்த இரவில்தான். மறுநாள் சரிவிலும் லாரிகளின் மேலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, மங்கல் என்ற சிறு கரி அடுப்பில் சுஜுக் என்ற தொத்திறைச்சியைச் சுட்டபடி போட்டி பார்ப்பார்கள்.

ஊர்வலம், மோதல், கரி அடுப்பு, கம்பள இரவு. இந்த நான்கையும் ஒரே மாலைக்குள் கொண்டுவந்துவிட்டால் விருந்து தானாக நிற்கும். பெல்லி நடனம், பட்டுத் திரை, சிவப்பு ஃபெஸ் தொப்பி ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை. ஃபெஸ் தொப்பியை துருக்கிக் குடியரசு 1925ஆம் ஆண்டுத் தொப்பிச் சட்டத்திலேயே தடை செய்துவிட்டது. ஒட்டகக்காரர்கள் தலையில் இருப்பது காஸ்கெத் என்ற தட்டையான முன்விளிம்புத் தொப்பி. கழுத்தில் பொஷு என்ற கட்டம்போட்ட துண்டு. காலில் கணுக்காலுக்கு மேல் துருத்திபோல் மடிந்த தோல் பூட்ஸ். வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கட்டம்போட்ட துண்டு கொடுத்தால் போதும், கூட்டம் ஒரே ஊர்க் கூட்டமாகத் தெரியும். 90 சென்டிமீட்டர் சதுரப் பருத்தித் துண்டு வாங்குங்கள். செயற்கை இழைத் துண்டு கரிப்பொறி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

உயிருள்ள ஒட்டகத்தைக் கொண்டுவரலாமா என்று யாராவது கேட்பார்கள். கூடவே கூடாது. அங்கேயே இந்த விளையாட்டை எதிர்க்கும் விலங்கு நல ஆர்வலர்கள் உண்டு. துருக்கியின் 2004ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம், 5199ஆம் எண், விலங்குகளை மோதவிடுவதைத் தடுக்கிறது. வன்முறை இல்லாத மரபுக் காட்சிகளுக்கு மட்டும் அனுமதி பெற்று நடத்த வழி விட்டிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மேளச் சத்தம், புகை, குழந்தைகள், அறிமுகமில்லாத இடம் என்று எல்லாம் சேர்ந்த இடத்தில் ஓர் ஒட்டகத்தை நிறுத்துவது அதற்கும் ஆபத்து, வருகிறவர்களுக்கும் ஆபத்து. நல்லவேளையாக இதற்கு மாற்றும் துருக்கியிலிருந்தே கிடைக்கிறது. அனதோலியக் கிராமங்களில் தெவே ஒயுனு என்றொரு பழைய கூத்து உண்டு. ஒரு சட்டகத்துக்குள் ஆட்கள் புகுந்து, மேலே கம்பளம் போர்த்தி, மணி கட்டி, ஒட்டகமாக வீதி சுற்றுவார்கள். விருந்துக்கு அதுவே போதும்.

இரண்டு ஒட்டகம் செய்வது

இருபது பேர் விருந்துக்கு இரண்டு வேடங்கள் வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு ஆட்கள். முன்னவர் நிமிர்ந்து நிற்பார், பின்னவர் குனிந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். சட்டகத்துக்கு 1.6 மீட்டர் நீளத்தில் இரண்டு மெல்லிய மூங்கில். அவற்றின் குறுக்கே பிரம்பை வளைத்து மூன்று வளைவுகள், அகலம் 55 சென்டிமீட்டர், நடு வளைவு மட்டும் 20 சென்டிமீட்டர் கூடுதல் உயரம். அதுதான் திமில். துலுவுக்கு நீண்டு பரந்த ஒரே திமில் என்பதால் இரட்டைத் திமில் வைக்காதீர்கள். பிவிசி குழாயில் செய்யலாமே என்று தோன்றும். மோதும்போது அது முறிந்தால் முனை கத்தி மாதிரி நிற்கும். பிரம்பு வளையும், முறிந்தாலும் நாராகத்தான் பிரியும். மூங்கில் நுனிகள் நான்கிலும் பழைய துணியைச் சுற்றி நூலால் இறுக்குங்கள். சட்டகத்தை முன்னவர் தோளில் தாங்க இரண்டு அகலமான துணிப் பட்டைகள். மொத்த எடை 5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மூன்றாவது ஆட்டத்திலேயே தோள் பட்டை வெட்ட ஆரம்பிக்கும்.

கழுத்தும் தலையும்தான் பெரும்பாலும் சொதப்பும் இடம். பார்க்க அழகாக இருக்கும் என்று கழியின் முனையில் காகிதக்கூழ் தலை வைத்துச் செய்வார்கள். ஊர்வலத்துக்கு அது சரி, மோதலுக்குச் சரிவராது. எதிரே வருபவரின் கண் உயரத்தில் ஒரு கழி ஆடிக்கொண்டிருக்கும். மோதும் ஒட்டகத்துக்குக் கழுத்தைத் துணியில் தைத்து, உள்ளே ஃபோம் துண்டுகளையோ பஞ்சையோ அடைத்து, 80 சென்டிமீட்டர் நீளத்தில் தொங்கலாக விடுங்கள். தலையும் துணிதான். கண்ணுக்குப் பொத்தான். வாயைச் சுற்றி ஒரு சிவப்புக் கயிற்றைத் தைத்துவிடுங்கள், நிஜ ஒட்டகத்துக்கும் வாயைக் கட்டியிருப்பார்கள். கழுத்தும் தலையும் தொய்ந்து விழுந்து மோதும்போது பார்க்கிறவர்களுக்கு அதுவே பெரிய சிரிப்பு.

முதுகில் ஹவுத் வைப்பார்கள். மரமும் நாணல் திணிப்புமாகச் செய்த கனமான சேணம். அதன் மேல் குஞ்சம், மணி, கண்ணாடித் துண்டு, கண்ணேறுக்கு நீல மணி. பின்புறம் தொங்கும் துணிக்கு பெஷ் என்று பெயர். அதில் ஒட்டகத்தின் பெயரும் மாஷல்லா என்ற சொல்லும் பூவேலையோடு தைத்திருக்கும். நீங்கள் சேணத்துக்கு ஒரு பழைய மெத்தை ஃபோமை 8 சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, வரிபோட்ட விரிப்பால் மூடினால் போதும். பெஷ் மட்டும் தனியாக எட்டு தைத்து வையுங்கள், 50க்கு 60 சென்டிமீட்டர், மேல் ஓரத்தில் நான்கு நாடா. அதே இரண்டு வேடத்தில் நாடாவை அவிழ்த்துக் கட்டினால் எட்டு வெவ்வேறு ஒட்டகங்கள் வந்துவிடும். குண்டூசியோ சேஃப்டி பின்னோ வேண்டாம். உள்ளே குனிந்திருக்கும் ஆளின் முதுகில்தான் குத்தும்.

பின்னவருக்கு வெளியே எதுவும் தெரியாது, மூச்சுக் காற்றும் போதாது. துணியின் பக்கவாட்டில் முழங்கை உயரத்தில் கை அகலத்துக்கு நான்கு ஓட்டைகள் போட்டு வலைத்துணி தைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் இரண்டாவது நிமிடத்தில் பின்கால் தனியாக ஒரு திசையில் போகும்.

மோதலின் விதிகள்

புல்தரையிலோ மணலிலோ 5 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம், தடித்த கயிற்றைத் தரையில் படுக்கவைத்து. சிமெண்ட் தரை என்றால் மோதலே வேண்டாம், ஊர்வலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முன்னவர் இருவரும் கையை மார்பில் கட்டிக்கொண்டு தோளோடு தோள் மட்டும் தள்ள வேண்டும். தலையால் முட்டக் கூடாது, காலை இடறக் கூடாது. நிஜத்தில் காலைக் கொக்கிபோட்டு மடக்கும் செங்கெல் என்ற பிடிதான் ரசிகர்கள் கொண்டாடும் பிடி. அந்தப் பெயரை ஜஸ்கிர் வாயால் உச்சரித்தால் போதும், மனிதர்கள் செய்து பார்க்க வேண்டாம்.

வட்டத்தைத் தாண்டினால் தோல்வி, அதுதான் ஓடியது. முழங்கால் தரையில் பட்டால் தோல்வி, அதுதான் விழுந்தது. வேடத்துக்குள்ளிருந்து கத்தினால் தோல்வி. இந்த மூன்றாவதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உள்ளே யாருக்காவது வலித்தால் ஆட்டத்தை நிறுத்த அதைவிட நல்ல வழி கிடையாது. ஒரு ஆட்டத்துக்கு 60 விநாடி. யாரும் தோற்கவில்லை என்றால் சமன். பத்து நிமிடம் எல்லாம் மனித உடலுக்கு ஆகாது.

ஒவ்வொரு ஒட்டகத்துக்கும் இரண்டு உர்கன்ஜிகள். கையில் 2.5 மீட்டர் பருத்திக் கயிறு, கட்டைவிரல் கனத்தில். கயிற்றைச் சட்டகத்தின் பின் வளைவில் கட்டுங்கள், ஆளின் உடம்பில் கட்டவே கூடாது. விசில் ஊதியதும் இருவரும் தங்கள் ஒட்டகத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். நைலான் கயிறு உள்ளங்கையை உரித்துவிடும். உரிமையாளராக ஒருவரை வட்டத்துக்கு வெளியே நிறுத்தி அவர் கையில் ஒரு சிறு கயிறு கொடுங்கள். அவர் அதை உள்ளே வீசினால் ஆட்டம் அந்த நொடியே முடிந்தது.

துருக்கியில் ஒட்டகங்களை அயாக், ஒர்தா, பாஷால்தி, பாஷ் என்று நான்கு படிகளாகப் பிரிப்பார்கள், அடியிலிருந்து உச்சி வரை. விருந்திலும் இதைப் பின்பற்றலாம். அயாக் என்ற முதல் படியைக் குழந்தைகளுக்கு விடுங்கள், அவர்களுக்குச் சட்டகம் வேண்டாம், போர்வை மட்டும் போதும். பெரியவர்களில் ஜோடி ஜோடியாக எடை பாருங்கள், குளியலறைத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்தால் அதுவே ஒரு நிகழ்ச்சியாகிவிடும். இரண்டு ஜோடிகளின் மொத்த எடையில் 15 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மோதவிடாதீர்கள். எடை குறைந்த பக்கத்தில் முன்னவரின் கழுத்துதான் அழுத்தம் வாங்கும். எட்டு ஆட்டங்களுக்கு வேடம் மாற்றும் நேரமும் சேர்த்து 50 நிமிடம் ஒதுக்குங்கள். ஆட்டம் முழுக்க முடிந்த பிறகுதான் மது மேசைக்கு வர வேண்டும். இதில் சமரசம் வேண்டாம்.

ஜஸ்கிராக இருப்பவரை ஒரு வாரம் முன்பே பிடித்துவிடுங்கள். மேடைப் பேச்சு வருகிற, சந்தம் தெரிந்த ஒருவர் வேண்டும். ஒவ்வொரு ஒட்டகத்துக்கும் நான்கு வரி: பெயர், ஊர், உரிமையாளர், அதன் வீரம். தமிழிலேயே எழுதலாம், எதுகை மோனை இருந்தால் கூட்டம் தானாகக் கைதட்டும். மைக் இல்லாமல் திறந்தவெளியில் குரல் எட்டாது, எனவே சிறு ஒலிபெருக்கி ஒன்று தேவை. தாவுல் என்ற பெரிய மேளமும் ஸுர்னா என்ற ஊதுகருவியும்தான் அங்கே இசை. ஸுர்னா நாதஸ்வரம் போலவே இரட்டைச் சீவாளி வாத்தியம், அதே திறந்தவெளி முழக்கம். பதிவு செய்த இசையைப் போட்டாலும் அதை வீட்டுக்குள் போடாமல் வெளியே போடுங்கள்.

கரியும் சுஜுக்கும்

வருகிறவர் வாசலில் கால் வைக்கும்போதே சுஜுக் வாசனை அடிக்க வேண்டும். ஏஜியன் மைதானங்களில் காலையிலிருந்தே அந்தப் புகைதான். சுஜுக் என்பது பூண்டும் சீரகமும் மிளகாயும் தூக்கலாகப் போட்டுப் புளிக்கவைத்து உலர்த்திய தொத்திறைச்சி. போட்டி நடக்கும் ஊர்களில் ஒட்டக இறைச்சியில் செய்த தெவே சுஜுவும் விற்கும். ஒட்டக இறைச்சியில் கொழுப்பு குறைவு என்பதால் தனியாகக் கொழுப்பு சேர்த்தே செய்வார்கள். அதைத் தேடி அலைய வேண்டாம். துருக்கிக்காரர்கள் வீட்டில் சாதாரணமாகச் சாப்பிடுவது மாட்டிறைச்சி சுஜுக்தான்.

வெளிநாட்டில் இருந்து துருக்கிக் கடையில் வாங்க முடிந்தால் உறையைப் படியுங்கள். இரண்டு வகை உண்டு. புளிக்கவைத்தது ஒன்று, வெப்பமூட்டித் தயாரித்தது இன்னொன்று. முதல் வகையை வாங்குங்கள். அதன் ஓரம் சுட்டதும் மொறுமொறுக்கும், சிவந்த கொழுப்பு வடியும். இரண்டாவது வகை வெந்த இறைச்சிக் கேக் மாதிரி மந்தமாக இருக்கும். மேல்தோலை உரித்துவிட்டு ஒரு சென்டிமீட்டர் கனத்தில் சாய்வாக வெட்டுங்கள், அல்லது நீளவாக்கில் பிளந்து விரியுங்கள். எண்ணெய் தொடவே கூடாது. ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் போதும். அதற்குமேல் வைத்தால் கொழுப்பு முழுக்க ஓடி, மிஞ்சுவது தோல்.

கிடைக்காத இடத்தில் புதுச் சுஜுக் செய்யலாம். இருபது பேருக்கு 2.5 கிலோ கொத்திறைச்சி, மாடோ ஆடோ, நான்கில் ஒரு பங்கு கொழுப்போடு. உப்பு 45 கிராம், நசுக்கிய பூண்டு 75 கிராம், வறுத்துப் பொடித்த சீரகம் 25 கிராம், மிளகுத்தூள் 12 கிராம், சிவப்பு மிளகாய்த்தூள் 50 கிராம். இந்த 50 கிராமும் காரமான நம்மூர்த் தூளாக இருந்தால் யாரும் வாயில் வைக்க முடியாது. 40 கிராம் காஷ்மீரி மிளகாயும் 10 கிராம் காரத்தூளும் சரியான விகிதம். வெங்காயம், கொத்தமல்லி, ரொட்டித்தூள், முட்டை எதுவும் சேரக்கூடாது. வெங்காயத்தின் நீர் கலவையை உடைத்துவிடும். இறைச்சி ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்கும்போதே பத்து நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். கையை விரித்தால் கலவை உள்ளங்கையில் ஒட்டித் தொங்க வேண்டும், அதுதான் அடையாளம். அறைச் சூட்டில் பிசைந்தால் கொழுப்பு இளகிப் பூசிக்கொள்ளும், இறைச்சி ஒன்றோடொன்று பிடிக்காது, கம்பி வலையில் பொடிப்பொடியாக உதிரும். சுஜுக் உதிர்ந்துவிட்டது என்று வரும் புகார்களுக்கு ஏறக்குறைய எப்போதும் இதுதான் காரணம்.

பிசைந்ததைக் காகிதத்தில் 3.5 சென்டிமீட்டர் தடிப்பில் உருளையாகச் சுருட்டி, ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்து, ஒன்றரை சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டிச் சுடுங்கள். கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு உலர்த்தலாமே என்ற ஆசை வரும். வெப்பமும் ஈரமும் உள்ள ஊரில், பதப்படுத்தும் உப்பும் குளிர்ந்த காற்றும் இல்லாமல், அது நஞ்சாக முடியலாம். புதுச் சுஜுக்கை உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை வேகவைக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒன்றை இரண்டாக வெட்டிப் பாருங்கள், சாறு தெளிவாக வர வேண்டும். மிளகாயின் சிவப்பைப் பார்த்து வேகவில்லை என்றும் வெந்துவிட்டது என்றும் ஏமாறுவது சகஜம்.

கரி மொத்தம் 4 கிலோ, மரக்கரி. முதல் ஒன்றரை கிலோவை விருந்தினர் வருவதற்கு 40 நிமிடம் முன்பு பற்றவையுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றினால் அதன் நாற்றம் இறைச்சியில் ஏறும், காய்ந்த சிராய்களும் விசிறியும் போதும். கரி முழுக்கச் சாம்பல் பூத்த பிறகுதான் இறைச்சியை வைக்க வேண்டும். வலை உயரத்தில் உள்ளங்கையை நீட்டினால் மூன்று நான்கு விநாடிக்குமேல் தாங்கக் கூடாது. கரியை ஒரு பக்கமாகக் குவித்து மறுபக்கத்தைக் காலியாக விடுங்கள். சுஜுக்கின் கொழுப்பு சொட்டித் தீ குப்பென்று எழும்போது வில்லைகளைக் காலிப் பக்கம் தள்ளிவிட அந்த இடம் வேண்டும். தண்ணீர் தெளித்தால் சாம்பல் பறந்து உணவில் ஒட்டும்.

வெள்ளை நீள ரொட்டியை இரண்டாகப் பிளந்து, உள்பக்கம் கீழே இருக்கும்படி வலையில் வேகும் சுஜுக்கின் மேலேயே அழுத்துங்கள். சிவந்த கொழுப்பை ரொட்டி குடித்துக்கொள்ளும். பத்து விநாடி, அவ்வளவே. உள்ளே சுஜுக், ஒரு வில்லை தக்காளி, சுட்ட நீளப் பச்சைமிளகாய். நீள ரொட்டி இல்லாவிட்டால் இனிப்பில்லாத பன் எடுக்கலாம், இனிப்பு பன் எல்லாவற்றையும் கெடுக்கும். ஆளுக்கு 120 கிராம் சுஜுக் என்ற கணக்கில் பாதிக்குமேல் இந்த முதல் சுற்றிலேயே போய்விடும், போகட்டும்.

இரண்டாவது சுற்றுக்குச் சொப் ஷிஷ், அதாவது குச்சியில் கோத்துச் சுட்ட சிறு இறைச்சித் துண்டுகள். ஐதின் மாகாணத்தில் கெர்மென்ஜிக் பக்கத்து ஒர்தக்லார் இதற்குப் பெயர் போன ஊர். 2 கிலோ ஆட்டுத்தொடை இறைச்சியை ஒரு சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, 300 கிராம் கொழுப்பை அதைவிடச் சிறிதாக வெட்டி, இரண்டு வெங்காயத்தின் சாறு மட்டும், மிளகுத்தூள், உலர்ந்த தைம் இலை, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் சேர்த்து நான்கு மணி நேரம் ஊறவையுங்கள். உப்பு மட்டும் சுடுவதற்குச் சற்று முன். முன்னாலேயே போட்டால் இவ்வளவு சிறிய துண்டுகளிலிருந்து சாறு இறங்கிவிடும். மெல்லிய மூங்கில் குச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு குச்சிக்கு ஏழெட்டுத் துண்டு, நடுவில் ஒரு கொழுப்பு. பெரிய துண்டாக வெட்டிவிட்டால் அது வேறு கபாப் ஆகிவிடும். கூடவே சுமாக் என்ற புளிப்பான சிவப்புப் பொடி தூவிய வெங்காயமும் பார்ஸ்லியும்.

மேசையில் மற்றவை

ஹைதரி என்ற கெட்டித்தயிர் பதார்த்தத்துக்கு 2 கிலோ புளிக்காத தயிரைத் துணியில் கட்டி ஃபிரிட்ஜில் ஆறு மணி நேரம் தொங்கவிட்டால் ஏறக்குறைய பாதி மிஞ்சும். அதில் இரண்டு பல் பூண்டு, ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த புதினா, ஒரு பிடி சோயிக்கீரை, உப்பு, மூன்று கரண்டி ஆலிவ் எண்ணெய். புளித்த தயிர் என்றால் பூண்டோடு சேர்ந்து எரிச்சலாக இருக்கும். அஜிலி எஸ்மே என்ற காரத் தக்காளித் தொகையலுக்கு ஒரு கிலோ தக்காளியை விதை நீக்கி, வடிகட்டி, வெங்காயம், குடைமிளகாய், பார்ஸ்லியோடு கத்தியால் பொடியாக நறுக்கி, மிளகாய்ப் பசையும் மாதுளைப் பாகும் கலந்து வையுங்கள். மிக்ஸியில் போட்டால் நுரைத்துச் சட்னியாகிவிடும். அரை மணி நேரம் கழித்து மேலே நிற்கும் நீரை இன்னொரு முறை வடியுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏஜியன் சமையலில் பஞ்சமே கிடையாது, அந்தப் பகுதியே ஆலிவ் எண்ணெயும் கீரையும்தான். தட்டைப்பயறு சாலட் அங்கே அன்றாட உணவு. அரை கிலோ பயறை வேகவைத்து, முதல் கொதி நீரைக் கொட்டிவிட்டு மறுநீரில் முடியுங்கள். கறுப்புச் சாயம் போய் நிறம் தெளியும். சூடாக இருக்கும்போதே பூண்டு, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், சோயிக்கீரை. சுட்ட கத்தரிக்காய், குடைமிளகாய்க்குத் தனி வலை வையுங்கள். சுஜுக் சுட்ட வலையில் அவற்றை வைத்து நீட்டுவது மரியாதை ஆகாது. அண்டாவில் ஏதாவது இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் கெஷ்கெக் செய்யலாம். இறைச்சியும் தோல் நீக்கிய முழுக் கோதுமையும் மணிக்கணக்கில் வெந்து, மரக்கட்டையால் இடிபட்டுக் குழையும் கூழ் அது. யுனெஸ்கோ 2011இல் அந்த மரபைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு பேர் அதற்கென்றே நிற்க முடியுமென்றால் மட்டும் இறங்குங்கள்.

அய்ரானுக்குத் தயிரும் தண்ணீரும் சம அளவு, லிட்டருக்கு 4 கிராம் உப்பு, நுரை வர அடித்துக் குளிர்ச்சியாக. இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை போட்டுவிட்டால் அது நம் மோர். இருபது பேருக்கு 6 லிட்டர். ரக்கி என்ற சோம்பு மது வைப்பதென்றால் குவளையில் முதலில் ரக்கி, பிறகு சம அளவு குளிர்ந்த தண்ணீர், கடைசியில் பனிக்கட்டி. பனிக்கட்டியை முதலில் போட்டால் சோம்பு எண்ணெய் உறைந்து படிகமாகி, குடிக்கும்போது நாக்கில் துகளாக நெருடும். இது மெல்ல மெல்ல, பக்கத்தில் ஹைதரியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வைத்துக்கொண்டு குடிக்கிற பானம். ஒரே மூச்சில் விழுங்குகிறவர்களுக்கு ஊற்றாதீர்கள்.

இனிப்புக்கு ஐதின் உலர் அத்தி. ஆளுக்கு மூன்று என்று 60 அத்தியைப் பிளந்து பாதி வால்நட் வைத்து மூடி, 160 டிகிரியில் பத்து நிமிடம். கூடையில் மாண்டரின். வேறு எதுவும் தேவைப்படாது.

தேநீருக்கு இரட்டைக் கெண்டி முறை. கீழே கொதிநீர், மேலே இலை. லிட்டருக்கு ஆறு மேசைக்கரண்டி இலை போட்டு, கொதிநீர் ஊற்றி, ஆவிச்சூட்டில் 15 நிமிடம் விட வேண்டும். சிறு கண்ணாடிக் குவளையில் மூன்றில் ஒரு பங்கு டிகாக்ஷன், மீதி வெந்நீர், பால் கிடையாது. நாம் வழக்கமாக வாங்கும் தூள் தேயிலை இத்தனை நேரம் ஊறினால் கசப்பு தாங்காது. துருக்கியின் ரீஸெ தேயிலை இல்லையென்றால் இலங்கை முழு இலைத் தேயிலை வாங்குங்கள்.

நேரமும் கம்பள இரவும்

மாலை 4 மணிக்கு அழைத்தால் மோதல் வெளிச்சத்திலேயே முடியும். 3.20க்குக் கரி. 4 மணிக்கு முதல் சுஜுக். 4.30க்கு மேளத்தோடு ஊர்வலம், தெருவைச் சுற்றி வட்டம் வரை. முன்கூட்டியே அக்கம்பக்கத்துக்குச் சொல்லி, அவர்களுக்கும் ரொட்டி கொடுத்தனுப்புங்கள், சத்தத்துக்குப் பிறகு யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். 4.45 முதல் ஆட்டம். கடைசி இரண்டு ஆட்டம் நடக்கும்போதே இரண்டாவது கரியைப் பற்றவைக்க ஒருவர் போக வேண்டும். இதை யார் தலையிலும் கட்டாமல் விட்டால் ஆறு மணிக்குப் பசியோடு இருபது பேர் கறுத்த கரியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 6.30க்குச் சாப்பாடு, தரையில் கம்பளம் விரித்து.

8 மணிக்கு ஏலம். அங்கே பல ஊர்களில் போட்டியின் வருமானம் பள்ளிக்கூடம், விளையாட்டுக் கழகம் போன்ற ஊர்க்காரியங்களுக்குப் போகும். எனவே உங்கள் ஏலத் தொகையும் பக்கத்துப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ போகட்டும். அதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். சொல்லாமல் வைத்து விருந்து நடுவே பணம் கேட்டால் முகம் மாறும். கைத்தறி கிலிம் விரிப்பு ஒன்று போதும், கிடைக்காவிட்டால் நல்ல ஜமக்காளம். தொடக்க விலையைக் கடை விலையில் பாதியாக வைத்து, சிறுசிறு தொகையாக ஏற்றுங்கள். வாங்கியவர் விரும்பினால் திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடலாம். ஜஸ்கிரே ஏலத்தையும் நடத்தட்டும், அந்த மாலைக்குள் கூட்டம் அவர் குரலுக்குப் பழகியிருக்கும்.

ஏலம் முடிந்ததும் ஸெய்பெக். ஏஜியன் மலைப்பகுதி ஆண்களின் நடனமாக அறியப்பட்டது, இன்று பெண்களும் ஆடுகிறார்கள். தாளம் ஒன்பது, இரண்டு இரண்டு இரண்டு மூன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். மிக மெதுவானது. கைகளைத் தோளுக்கு மேலே கழுகுச் சிறகாக விரித்து, கனமாக அடியெடுத்து வைத்து, அந்தக் கடைசி மூன்றில் ஒரு முழங்காலைத் தரையில் தொட வேண்டும். வேகமாக ஆடினால் எல்லாம் போயிற்று. முட்டிவலி உள்ளவர்கள் நின்றபடியே கையை மட்டும் விரிக்கலாம், அதற்கும் மரியாதை உண்டு. மேளக்காரர் கிடைத்தால் ஒன்பதை முன்கூட்டியே அவரோடு எண்ணிப் பாருங்கள். எட்டில் அடித்துப் பழகிய கை அந்தக் கடைசி அடியை விழுங்கிவிடும், ஆடுகிறவரின் முழங்கால் காற்றில் நிற்கும்.